சரோஜம்மா பயந்த மருந்து

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சரோஜம்மாவின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. குழாயடியில் வரிசை தாண்டிக் குடம் வைத்தவர்கள்கூட, தூரத்தில் அவள் பேச்சுச் சத்தம் கேட்டதும் ஒன்றும் தெரியாதவர்கள் போலக் குடத்தைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். அடிபட்டு வந்து கிடந்த முரட்டு ஆட்களெல்லாம் அவளுக்கு ‘மேஜர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தலையணைக்கடியில் பீடி வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வாள். கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால், “உங்கம்மா இங்க வந்து ஊட்டுவாளா? வாயத் தொறடா” என்பாள். ஆனால் சொந்தக்காரர் என்று யாரும் எட்டிப் பார்க்காத ஆளுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

புருஷன் முனிசாமி பூமிக்கடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பேச்சு குறைச்சல். வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதை ஒருத்தியே பேசிவிடுவதால் அவருக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, அந்தக் குரல் இறங்கியது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழைக்காலம். அதற்குச் சில வருஷம் முன்பு அவள் மார்பில் ஒரு கட்டி வந்து, பெங்களூரில் ஆபரேஷன் செய்து, நன்றாகத்தான் இருந்தாள். இப்போது இடுப்புக்கு மேலே முதுகில் பிடித்துக்கொண்டது என்றாள். வாயு என்றாள். பூண்டைச் சுட்டுத் தின்றாள். குழாயடிக்குப் போவதை விட்டாள். யாரோ குடத்தை முந்தி வைத்ததற்கு ஒரு நாள் சும்மா இருந்துவிட்டாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று சமையலை நின்றுகொண்டே செய்தாள். படுக்காமல் சுவரில் சாய்ந்தபடி தூங்கினாள். கேட்டால், “இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற? வேற வேல இல்ல?” என்பாள். அந்தத் திட்டிலும் பழைய காரம் இல்லை.

ஒரு காலையில் அவள் குளிக்கப் போன மறைப்புக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ச் சத்தமே வரவில்லை. முனிசாமி கூப்பிட்டார். பதில் இல்லை. தட்டியைத் தள்ளிப் பார்த்தால், முந்தானையை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே வரக்கூடாதென்று அடைத்துக்கொண்ட துணி அது என்று முனிசாமிக்குப் புரிந்தது.

மகன் நாகேஷ் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் விடியற்காலை ரயிலில் போய் இருட்டித் திரும்புகிறவன். அந்த வாரமே அம்மாவையும் அப்பாவையும் தன்னோடு ரயிலேற்றினான்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்த பிறகு, டாக்டர் சுமா என்பவரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண். மேசைக்குப் பின்னால் உட்காராமல், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சரோஜம்மாவின் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தார். கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

“நோவு எப்படி இருக்கும்மா? குத்துதா, எரியுதா, குடையுதா?”

“கொஞ்சம் கீது.”

“கொஞ்சம்னா? தாங்கவே முடியாத நோவு பதினாறணா, முழு ரூபான்னு வச்சுக்குங்க. உங்களுக்கு எத்தனை அணா?”

சரோஜம்மா முனிசாமி பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “பகல்ல பன்னண்டணா. ராத்திரில முழு ரூபா.”

முனிசாமி தலையைக் குனிந்துகொண்டார். கூடவே படுத்திருந்த மனுஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி முழு ரூபாய் வலியை வைத்திருந்திருக்கிறாள்.

நாகேஷ் டாக்டரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போய், “அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க மேடம்” என்று கெஞ்சியது முனிசாமிக்குக் கேட்டது. டாக்டர் பதில் சொன்னதும் கேட்டது. “அவங்க கேக்காம நானா போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்.”

உள்ளே வந்ததும் சரோஜம்மா கேட்டேவிட்டாள். அத்தனை வருஷம் வார்டில் நின்றவளிடம் எதை மறைப்பது? “எலும்புல எறங்கிடுச்சா?”

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆமாம்மா. முதுகெலும்புல இருக்கு. நோயை முழுசா எடுக்க எங்களால முடியாது. ஆனா நோவை எடுக்க முடியும். அது ரெண்டும் வேற வேற. நோய் இருக்கிற வரைக்கும் நோவும் இருந்துதான் ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை.”

முதுகுக்கு ஒரே ஒரு தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம், அதன் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் மாத்திரை இருக்கிறது என்றார். வெள்ளை மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்த பிறகு ஓடிப் போய்ப் போடக் கூடாது, வருவதற்கு முன்பே போட வேண்டும். படுக்கும்போது இரண்டாகப் போட்டுக்கொண்டால் நடுராத்திரி எழுந்திருக்க வேண்டியதில்லை. கூடவே வயிறு இளக ஒரு மாத்திரை, அதை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. இது வெளியில் மருந்துக் கடையில் கிடைக்காது, இங்கேதான் வந்து வாங்க வேண்டும்.

“மாத்திர பேரு இன்னா?” என்றாள் சரோஜம்மா.

“மார்ஃபின்.”

சரோஜம்மா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நோய் எலும்புக்கு இறங்கிய சேதியால் இடிந்துபோயிருக்கிறாள் என்று முனிசாமி நினைத்துக்கொண்டார். பங்காருபேட்டை தாண்டி ரயில் மாரிகுப்பம் வந்து நிற்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

வீட்டில் நாகேஷ் வாங்கி வைத்த அலாரம் கடிகாரம் அடிக்க அடிக்க, முனிசாமி மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் நிற்பார். அவள் வாயில் போட்டுக்கொள்வாள், தண்ணீர் குடிப்பாள், டம்ளரைக் கொடுப்பாள். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. வலி ஒரு அணாகூடக் குறையவில்லை. கூடியதென்றே சொல்ல வேண்டும். கண் குழிவிழுந்துவிட்டது. “பெரிய ஆஸ்பத்திரின்னு பேருதான்” என்று நாகேஷ் பொருமினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐடா சிஸ்டர் வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் வீடு. சரோஜம்மா வேலை பார்த்த அதே வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். சரோஜம்மாவும் அவரும் சேர்ந்து பார்த்த நைட் ஷிஃப்டுக்குக் கணக்கே கிடையாது. அவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றதை முனிசாமி வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டார். பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக விசாரித்தார்.

“மாத்திரை ஆரம்பிச்சதும் மயக்கமா இருந்துச்சா?”

“இல்ல சிஸ்டர்.”

“குமட்டல்? வாந்தி?”

“இல்ல.”

“வெளிக்கு இறுகிப் போச்சா?”

“அதெல்லாம் நல்லா போவுது.”

ஐடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். “குமட்டல்கூட சிலருக்கு வராது. ஒரு வாரமா இந்த மாத்திரையைப் போட்டும் தூக்கமும் வரலை, வயிறும் இறுகலை, வலியும் குறையலைன்னா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். சரோஜா, நீ மாத்திரை போடவே இல்லை.”

சரோஜம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துப் பாயில் கவிழ்த்தாள். வெற்றிலைக் காம்பு, பாக்குத் துண்டுகளோடு வெள்ளை மாத்திரைகளும் விழுந்தன. நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, முனிசாமி டம்ளரை வைக்கப் போனதும் துப்பி எடுத்திருக்கிறாள்.

“ஏன் சரோஜா?” என்றார் முனிசாமி. அவருக்குக் கோபம் வரவில்லை.

“அது யாருக்குக் குடுக்கிற மருந்துன்னு எனுக்குத் தெரியாதா?” அவள் ஐடாவைப் பார்த்துத்தான் பேசினாள். “பூமிக்கடியிலர்ந்து கேஜுல மேல கொண்டாந்து, ஸ்ட்ரெச்சர்ல போட்டு, வார்டுக்குத் தூக்கினு வருவாங்க. டாக்டரு பார்ப்பாரு. உங்களுக்குக் கண்ணக் காட்டுவாரு. நீங்க அந்த ஊசியப் போடுவீங்க. நான் தலையப் புடிச்சிக்குவேன். அப்பால இன்னா ஆவும்? சத்தம் அடங்கும். காலையில நான் வந்து பாத்தா கட்டில்ல வேற ஆள் இருப்பான். எத்தினி பேரு சிஸ்டர்! அந்த ஊசி போட்டு வீட்டுக்குப் போனவன் ஒருத்தனக் காட்டுங்க. மார்ஃபின்னு சொன்னா இன்னா, அது மார்பியாதான். அத்தக் குடுக்கிறாங்கன்னா கத முடிஞ்சிதுன்னு அர்த்தம். நான் இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும். நோவு கூட இருந்துட்டுப் போவட்டும்.”

முனிசாமிக்கும் அது தெரிந்த விஷயம்தான். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்த நாட்களில், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெண்களிடம் யாராவது வந்து ‘மார்பியா போட்டுட்டாங்களாம்’ என்று சொன்னால் போதும், அவர்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். அவரே ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டு, உடன் வேலை செய்தவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“அவங்களைக் கொன்னது பாறை, சரோஜா” என்றார் ஐடா. “ஊசி போடலைன்னாலும் போயிருப்பாங்க. கத்திக்கிட்டே போயிருப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“நீங்க போட்ட கையி. நீங்க அப்டித்தான் சொல்வீங்க.”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று சரோஜம்மாவுக்குத் தெரிந்தது. ஐடா மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து முனிசாமியிடம் கொடுத்துவிட்டு, “இதைப் பத்திரமா வைங்க. குழந்தைங்க கைக்குப் போகக் கூடாது. நான் நாளைக்கு வரேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் வந்தபோது கூட ஒருவர் இருந்தார். கட்டைக்காலும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக, ஐம்பது வயசிருக்கும். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை. பெயர் தாமோதரன், ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ரேடியோ, கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர், இரண்டு வருஷம் முன்புதான் மாமனார் ஊரான குடியாத்தத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார் என்று ஐடா சொன்னார். “என் ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்கப் போன அன்னிக்கு இவர்தான் என்னை அடையாளம் கண்டுபிடிச்சார். எனக்குத் தெரியலை.”

தாமோதரன் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்திருந்த சரோஜம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன ஞாபகம் கீதாக்கா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“எப்டி இருக்கும்! அன்னிக்கு மூஞ்சி முழுக்க ரத்தமும் மண்ணும்தான். கல்லு சரிஞ்சி காலு மேல விழுந்துது. கல்லத் தள்ளி என்ன வெளிய எடுக்கவே ரொம்ப நேரம் ஆச்சி. கேஜுல மேல வர வரைக்கும் மாடு கத்தற மாதிரி கத்தினேன். வார்டுல கொண்டாந்து போட்டப்ப, சுத்தி ஆளுங்க நிக்கறாங்கோ, வெக்கமா கீது, பல்லக் கடிச்சிக்கினு அடக்கிப் பாத்தேன். அப்ப ஒரு கையி என் தாடையப் புடிச்சிது. ‘கத்துடா தம்பி, கத்து. இங்க யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ன்னு ஒரு கொரலு. அது நீங்கதாங்கா.”

சரோஜம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

“அப்பால இந்த சிஸ்டரு ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல நோவு தூரமாப் போயி நின்னுக்கிச்சி. போவல, தூரமா நின்னுது. அப்பத்தான் எனக்கு என் பேரே ஞாபகம் வந்துது. வூட்ல புள்ளத்தாச்சி பொண்டாட்டி கீறான்னு ஞாபகம் வந்துது. அன்னிக்கி சாயங்காலமே வேன்ல போட்டு வேலூருக்குக் கொண்டும் போயிட்டாங்கோ.”

“மறுநாளு காலையில வந்து பாத்தேன்” என்றாள் சரோஜம்மா மெதுவாக. “கட்டில் காலியா இருந்துச்சி. நீ செத்துட்டேன்னு நெனச்சேன்.”

“நான் வேலூர்ல இருந்தேங்கா. அங்க கால எடுத்தாங்களே, அதுக்கும் அதே ஊசிதான் பல நாளு போட்டாங்கோ. புண்ணு ஆற ஆற கொறச்சி கொறச்சி நிறுத்திட்டாங்க. நிறுத்தினப்ப அது வேணும்னு நான் ஒண்ணும் அழல. புள்ள பொறந்துது. தோ, அவன் கல்யாணமே ஆயிடுச்சி.” ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “என்னக் கத்தச் சொன்னீங்களே. நீங்க இன்னாத்துக்கு வாயில துணிய அடச்சிக்கினு கீறீங்க?”

சரோஜம்மா அழுதாள். முனிசாமி அவளோடு வாழ்ந்த காலத்தில் அவள் சத்தம் போட்டு அழுது பார்த்தது அவள் அப்பா செத்தபோது ஒரு தடவை, அதற்கப்புறம் இப்போதுதான். முந்தானையைத் தேடவில்லை. ஐயோ நோவுதே, நோவுதே என்று, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள். ஐடா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவளை அடக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும், “சிஸ்டர், நேத்து ஒரு வார்த்த சொல்லிட்டேன்” என்றாள்.

“சொல்லிட்டுப் போ. இப்ப மாத்திரையைப் போடு” என்றார் ஐடா.

முனிசாமி தண்ணீர் கொண்டுவந்தார். அவள் விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். தாமோதரன் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் சரோஜம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. சோறு வாய்க்குப் போகுமுன் குமட்டினாள். பகலிலும் தூங்கிக்கொண்டே இருந்தாள். முனிசாமி கிட்டப் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். அவள் பயந்ததுதான் நடக்கிறதோ என்று ஐடாவிடம் ஓடினார். “எழுப்பினா எழுந்து பேசறாளா? அப்ப பயப்படாதீங்க. இத்தனை நாள் தூங்காத உடம்பு, கடனைத் தீர்க்குது. பழகினதும் தெளிஞ்சிடும்” என்று ஐடா தைரியம் சொன்னார். குமட்டலுக்கு டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுக்கச் சொன்னார். அப்படியே ஆயிற்று. வாரம் திரும்புவதற்குள் மயக்கம் தெளிந்தது, குமட்டலும் நின்றது. வயிற்றை இளக்கும் மாத்திரையை மட்டும் ஒரு தடவை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அவராகவே நிறுத்திவிட்டு, பட்ட பாட்டுக்குப் பிறகு அதை மறந்ததே இல்லை.

ஒரு காலையில் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்குக் குழாயடியிலிருந்து சத்தம் கேட்டது. “யாருடி அது, நான் கெடக்கிறேன்னு கொடத்த முன்னால தள்றது? கண்ணு தெரியலன்னு நெனச்சியா?” முனிசாமி சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். லைனில் அன்று திட்டு வாங்கியவளே சிரித்துக்கொண்டு வந்து, “மாமா, மேஜரு எந்திரிச்சிட்டாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் சரோஜம்மா கருவாட்டுக் குழம்பு கேட்டாள். களி உருண்டையோடு, கீழே உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு அவர் கொல்லைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொன்னார். வேளாங்கண்ணி மாதாவையும் விட்டுவிடவில்லை. ஐடா சிஸ்டருக்காக.

முதல் தடவை போனபோதே வைத்திருந்த கரண்டுக்கும் பலன் தெரிந்தது. மாதத்துக்கொரு தடவை மூவரும் ரயிலேறி டாக்டர் சுமாவைப் பார்க்கப் போனார்கள். ஒரு தடவை சரோஜம்மா மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். “இப்பவே இவ்ளோ சாப்ட்டா, பின்னாடி நோவு பெருசானா ஒண்ணும் வேல செய்யாதே? கொஞ்சம் அடக்கிக்கினு, கடைசிக்கு மிச்சம் வச்சிக்கட்டுமா?”

“இது உறியில தூக்கி வைக்கிற பண்டம் இல்லம்மா” என்றார் டாக்டர். “நோவு ஏறினா மருந்தையும் ஏத்தலாம். இதுக்குமேல கிடையாதுன்னு ஒரு எல்லை இல்லை. ஆனா ஏத்தறது நான்தான், நீங்களா இல்லை. திடீர்னு நிறுத்தவும் கூடாது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நோவை மறைக்காம எங்ககிட்ட சொல்லணும்.”

நாகேஷும் கேட்டான், கொஞ்சம் தயங்கி. “போதைப் பழக்கம் மாதிரி ஆயிடாதா மேடம்?”

“நோவுக்குன்னு அளந்து குடுக்கும்போது அப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். உங்கம்மா மாத்திரைக்காகவா அலையறாங்க? கருவாட்டுக்கில்ல அலையறாங்க” என்றார் டாக்டர். நாகேஷ் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் முதல் தடவையாகச் சிரித்தான்.

அந்த மருந்து வாங்கிக் கொடுத்த காலம் ஒரு வருஷத்துக்கும் மேல். சரோஜம்மா அதை வீணாக்கவில்லை. பூதிகோட்டையில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனாள். பஸ் குலுங்கும் என்று ஏறுவதற்கு முன்பு, டாக்டர் சொல்லியிருந்தபடி ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு, பந்தியில் நின்று, சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரனோடு சண்டை போட்டாள். தாமோதரன் கடைக்குப் போய் அவர் பேரனைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த லைனில் வெங்கடம்மா என்று ஒரு கிழவிக்கு வாயில் புற்று. வீட்டார் ஒரு மூலையில் படுக்க வைத்து, பக்கத்தில் போகவும் பயந்துகொண்டிருந்தார்கள். சரோஜம்மா நேரே போய் அவள் பாயிலேயே உட்கார்ந்துகொண்டாள். “ஒட்டிக்கிற சீக்கு இல்ல இது. எனக்கும் கீதே, இந்த மனுசனுக்கு ஒட்டிக்கிச்சா?” என்று முனிசாமியைக் காட்டினாள். நோவு எத்தனை அணா என்று கேட்டாள். கிழவியால் பேச முடியவில்லை. விரலைக் காட்டினாள். சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்க சரோஜம்மாவின் கை போனது. அவளே நிறுத்திக்கொண்டாள். ஒருத்தருக்கு அளந்தது இன்னொருத்தருக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாகேஷைக் கிழவியின் மகனோடு சேர்த்துப் பெங்களூருக்கு அனுப்பி, வெங்கடம்மாவுக்கென்று தனியாக வாங்கிவர வைத்தாள்.

இரண்டாயிரமாவது வருஷம் ஆடி மாதம் உடம்பு தளர்ந்தது. கால் மரத்து, நடை நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று நாகேஷ் கேட்டதற்கு, “நான் ஆஸ்பத்திரியில இருந்தது போதும். இங்க கெடக்கிறேன். கொழாயடி சத்தம் கேக்குது” என்றாள். டாக்டர் அதற்குத் தடை சொல்லவில்லை. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதற்கும், வாயை ஈரத் துணியால் துடைப்பதற்கும் ஐடா முனிசாமிக்குச் சொல்லிக் கொடுத்தார். பூமிக்கடியில் மரத்தைத் தூக்கிப் பழகிய கை. ஒரு கையை அவள் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, நோகாமல் புரட்டுவார். விழுங்கக் கஷ்டப்பட்டபோது மாத்திரையைப் பொடித்து, சொட்டுத் தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்குள் விட்டார்கள்.

ஒரு சாயங்காலம், நன்றாக நினைவோடு இருந்தபோது, முனிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நோவுதா?”

“ரெண்டணா” என்றாள். “நல்லாப் பாத்துக்கின.”

முனிசாமி அவள் போர்வையை இழுத்துவிட்டார். “நீ பேசு, நான் கேக்கறேன்” என்றார்.

அவள் பேசினாள். அவர்கள் கல்யாணத்துக்கு வந்த சீர், நாகேஷ் பிறந்தபோது பெய்த மழை, வார்டில் ஒரு மலையாளத்து ஆள் அவளுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. வலி இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆவணி பிறந்த வாரம் ஒரு காலையில், குழாயில் தண்ணீர் வந்து, பெண்கள் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தூக்கத்தில் மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு நின்றது. முகத்தில் சுளிப்பில்லை. தாமோதரன் ஊன்றுகோலோடு மயானம் வரைக்கும் நடந்து வந்தார்.

காரியம் முடிந்த பிறகு, மிச்சமிருந்த மாத்திரைகளை வீட்டில் வைக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஐடா சொன்னார். முனிசாமி நாகேஷோடு ரயிலேறினார். டாக்டர் சுமா அவற்றை வாங்கி வைத்துவிட்டு, கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டார்.

“பேசிக்கினே இருந்தாம்மா” என்றார் முனிசாமி. “அவ போனது துக்கந்தான். ஆனா அவளா இருந்து போனா. நீங்க நல்லா இருக்கணும்.” கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஓசூர்ப் பக்கத்து ஆட்கள். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி குனிந்திருந்தார். அவர் மனைவி கையில் அதே வெள்ளை மாத்திரை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது போட்டா ஆளுக்கு ஏதும் ஆயிடாதுங்களே?” என்று, யாரிடமாவது கேட்க வேண்டும் போல, முனிசாமியிடம் கேட்டாள்.

முனிசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். வாழ்நாளில் முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு நேரம் பேசியவரில்லை. மெதுவாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நாகேஷ் ஒரு தடவை கூப்பிட வந்தான். அப்பா பேசுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.